ஒன்றுக்கு முப்பத்தைந்து

பெட்டிக்குள் நான்கு சிப்பாய்கள்,
எந்த நாட்டுக்காரர்களோ, சாம்பல் பிளாஸ்டிக்கில்.
ஒருவனைச் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்தேன்.
சுண்டுவிரல் உயரம்.
துப்பாக்கியை வெட்டிப் போட்டுவிட்டு
அந்தக் கைக்கு மண்வெட்டி கொடுத்தேன்:
காம்புக்கு ஊதுவத்திக் குச்சி,
தகட்டுக்கு மாத்திரை அட்டையின் ஈயத்தாள்.
தலைக்கவசத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத்
தலைப்பாகை ஆக்க இரண்டு ராத்திரி.
பூட்ஸ்தான் போகமாட்டேன் என்றது.
சேற்றில் இறக்கிவிட்டேன், முழங்கால்வரை.

பகலில் மன்னார்குடியில் பல் செட் செய்கிறவன் நான்.
லேபில் மிஞ்சிய பிளாஸ்டர்தான் இங்கே வரப்பு.
பல்லுக்கு நிறம் பொருத்தும் கண்
தோலுக்கும் உதவுகிறது.
சதை நிறம் என்று டப்பாவில் போட்டிருப்பது
வெளிறிய ரோஜா.
எங்கள் தாலுகாவில் யாருக்கும் அப்படிச் சதை கிடையாது.
பழுப்பில் செங்கல்பொடிச் சிவப்பு, ஒரு துளி நீலம்.
பிடரிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பு,
குனிந்து நிற்பவனுக்கு வெயில் அங்கேதான் உட்காரும்.

லுங்கியின் கட்டத்துக்கு மூன்று மயிர்த் தூரிகை.
மூச்சு விட்டால் கோடு கோணிக்கொள்ளும்.
தண்ணீராய்க் கரைத்த பழுப்பை மேலே விட்டால்
மடிப்புகளில் தானே போய்த் தேங்கும்,
பள்ளம் எது என்று அதற்குத் தெரியும்.

எட்டாம் நம்பர் மதகை டேப் வைத்து அளந்து வந்தேன்.
திருகுத்தண்டு, பல்சக்கரம், பச்சை ஷட்டர்.
துரு நிஜத் துரு, அங்கேயே சுரண்டியது.
வண்டல் கோரையாற்றில் அள்ளிக்
காப்பி வடிகட்டியில் சலித்தது.

லேபுக்கு வந்த ஹாஜா மைதீன் எட்டிப் பார்த்தான்.
'எல்லாம் சரி மாப்ள, மூஞ்சி எங்க? யாரு இது?'
மூஞ்சி கடைசியில், கண் வைப்பது கஷ்டம், என்றேன்.
கஷ்டம்தான். அதில் பொய் இல்லை.

பிறகு தண்ணீர்.
இரண்டு பங்கு ரெசின், ஒரு பங்கு கடினமாக்கி,
ஊசிமுனைக் காவி: ஜூன் மாதப் புதுத்தண்ணி.
ஷட்டருக்கு மேலே மட்டும் ஊற்றினேன்.
கீழே காய்ந்த வாய்க்கால், வெடித்த வயல், அவன்.
தூங்கப் போனேன்.

காலையில் மேலே தரை தெரிந்தது.
ஷட்டர் அடியில் எங்கோ ஒரு மயிரிழை விட்டிருக்கிறேன்.
ராத்திரி முழுக்கக் கசிந்து கசிந்து
கீழ்வயலில் போய் நிற்கிறது பளபளவென்று,
நாற்றைச் சுற்றி, அவன் முழங்காலைச் சுற்றி.
இனிச் சுரண்ட முடியாது. கெட்டிப்பட்டுவிட்டது.

அந்த வருஷமும் விடிந்தபோது இப்படித்தான் இருந்தது.
இரண்டு சாண்தான் தூக்கினேன்.
என் மூன்று மா நாற்று நிமிர்ந்துகொண்டது.
முறைக்காவல் வைரக்கண்ணு தூங்கிப்போனான் என்று
ஐயாயிரம் தெண்டம் போட்டார்கள்.
கூட்டத்தில் நானும் நின்றேன்,
தூங்கினது தப்புதானே என்று யாரோ சொன்னதற்குத்
தலையாட்டினேன்.
அவன் தூங்கவில்லை.
பாலத்துக் கட்டையில் பீடி கனிந்ததை
ஷட்டரை இறக்காமல் திரும்பும்போது பார்த்தேன்.

ஷேவிங் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு
நேற்று முகம் எழுதி முடித்தேன்,
இடது புருவத்து வெட்டு உட்பட.

பெட்டியில் இன்னும் மூன்று பேர்.
ஒருவன் தொலைநோக்கி பிடித்திருக்கிறான்.
அவனைக் கட்டையில் உட்கார்த்த வேண்டும்.
இடுப்பை அறுத்து மடக்கி, தொலைநோக்கியைச்
செதுக்கி எடுத்தேன்.
கைகள் மட்டும் முகத்துக்கு முன்னால் அப்படியே நிற்கின்றன.
காற்றுக்குப் பொத்திப் பீடி பற்றவைக்கிறானா,
கண்ணைப் பொத்திக்கொள்கிறானா,
மேசை விளக்கை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்கிறேன்.

பசை இறுக இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.